அம்மிக்குழவி முட்டுக் கொடுத்த கதவு

எங்கள் வரிசையில் பகலில் கதவு சாத்தாத வீடு அந்தக்கா வீடு ஒன்றுதான். நெய்வேலியில் குடியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காற்று ஒரு பக்கமாகத் திரும்பினால் போதும், காலையில் துடைத்த தரையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கரித்தூசி. சமையல் முடிந்ததும் டவுன்ஷிப்பே கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். அந்தக்கா மட்டும் வாசல் கதவை விரியத் திறந்து, அது காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க உடைந்த அம்மிக்குழவி ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்.

பேரைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரப்பான் பூச்சிக்குப் பயம், மாமியார் போன் வந்தால் பயம். கல்யாணமாகித் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் ஷிஃப்ட் மாறுகிற சங்கு ஊதினால்கூட, சுரங்கத்தில் என்ன ஆச்சோ என்று வாசலுக்கு ஓடி வந்துவிடுவேன். பக்கத்து வீட்டு வராண்டாவில் நின்று அந்தக்கா சிரிப்பார்.

"ஒண்ணுமில்ல பாப்பா, ஷிஃப்ட்டு உடறாங்க. சாதாரணமா இரு. உள்ள போயி கொழம்பப் பாரு."

சாதாரணமா இரு. எதற்கும் அதைத்தான் சொல்வார். பாம்பு வந்தாலும் அதுதான், பால் பொங்கினாலும் அதுதான்.

அக்கா கம்பெனியில் பெர்மனென்ட். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசாக வந்த வேலை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள், நல்ல உயரம், சைக்கிளில் போனால் சீட்டில் கம்பு நட்டு வைத்தது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போவார். கூட சுகந்தி இருந்தார். குள்ளஞ்சாவடிக்காரர், அக்காவைவிட ஐந்தாறு வயது சின்னவர், பின்கட்டில் மிஷின் போட்டு வரிசைக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். அளவு கொடுக்கப் போகிற பெண்கள்கூட அவரைப் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். "அந்தக்கா கூட இருக்கிறது" என்பார்கள். சித்தி மகள் என்று சிலர், தூரத்துச் சொந்தம் என்று சிலர். அக்கா எதற்கும் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

திறந்த கதவை நாங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டோம். ஊருக்குப் போகிறவர்கள் சாவி கொடுப்பது அங்கேதான். சிலிண்டர் வந்தால் இறக்கி வைப்பது அங்கே, கொரியர் வந்தால் வாங்கி வைப்பது அங்கே. ஒரு முறை பசுமாடு ஒன்று ஹால் வரைக்கும் போய் வாழைப்பழச் சீப்பைத் தின்றுவிட்டு, வந்த வழியே மரியாதையாகத் திரும்பிப் போனது. "அந்தம்மா மனசு மாதிரியே கதவும்" என்பார் எதிர்வீட்டு சார். சுரங்கத்தில் ஃபோர்மேன், எங்கள் வரிசைக்கு யாரும் நியமிக்காத நாட்டாமை. நானும் அப்படித்தான் நினைத்தேன். தாராளம், அவ்வளவுதான்.

தூசிக்காக ஒரு நாளைக்கு மூன்று தடவை தரையைத் துடைத்துக்கொண்டு யாராவது தாராளமாக இருப்பார்களா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

தானே புயல் அடித்த காலையில்தான் முதல் தடவை ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். எங்கள் தோட்டத்துப் பலாமரம் சரிந்து பின்பக்கத்து ஓடுகளை நொறுக்கியது. நான் அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். காற்றுக்குத் தாங்காமல் அன்றைக்கு அந்தக் கதவும் சாத்தியிருந்தது. உள்ளே மேஜையை நகர்த்தி முட்டுக் கொடுத்திருந்தார்கள். என்னை இழுத்து உள்ளே போட்டுக்கொண்ட அக்காவின் கை ஐஸாக இருந்தது.

"நல்ல வேளை நீ வந்தே பாப்பா. நல்ல வேளை வந்தே."

நாலைந்து முறை சொன்னார். நான் தப்பி வந்ததற்காகச் சொல்கிறார் என்று அழுதேன். அப்புறம் பார்த்தால், வெளியே மரங்கள் முறிகிற சத்தத்துக்கு அவர் திரும்பக்கூட இல்லை. சாத்தின கதவைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று கொஞ்சம் அடங்கினதும் முதல் வேலையாக மேஜையை நகர்த்திக் கதவைத் திறந்தார். மழைத்தண்ணீர் ஹாலுக்குள் ஓடி வந்தது. "திறந்தது திறந்தபடி இருக்கட்டும், எல்லாரும் வெளிய வருவாங்க" என்றார். சுகந்தி சாக்கைப் போட்டுத் தண்ணீரைத் தடுத்தார்.

மரம் வெட்டி, ஓடு மாற்றிக் கொடுக்கும் வரை நான் பாதி நாள் அந்த வீட்டில்தான் கிடந்தேன். அப்போதுதான் சிலது கண்ணில் பட்டது. அவர்கள் இருவரும் ஹாலில் சேர்ந்து உட்காரமாட்டார்கள். ஒருவர் முன்னால் இருந்தால் மற்றவர் பின்கட்டில். சாப்பாடும் அப்படியே. ஒருவர் சாப்பிட, ஒருவர் பரிமாறுவார். பிறகு மாறிக்கொள்வார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு அறையும் தெரியும், இரண்டு அறையிலும் ஒவ்வொரு கட்டில் தெரியும். இரண்டாவது கட்டிலில் பச்சைக் கட்டம் போட்ட விரிப்பு, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல். ஒரு வாரம் கழித்தும் அந்த மடிப்பு அப்படியே இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அருவருப்பு ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான். யாரோ ஒருவர் வீட்டில் கேஸ் கசிகிறது, எனக்கு மட்டும் வாசனை வருகிறது என்கிற மாதிரிப் பயம். சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

நான் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டார். வேலிப்பக்கம் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ரெண்டு பொம்பள கதவ சாத்திக்கினா உள்ள என்ன நடக்குதுன்னு ஊரே யோசிக்கும் பாப்பா. தொறந்து போட்டா எவனும் எட்டிப் பாக்கமாட்டான். அவ்ளோதான்."

"எத்தனை வருஷமாக்கா?"

"வந்ததுலேர்ந்து." கீரையை உருவிக்கொண்டே இருந்தார். "யார்னா கேட்டா நீ சாதாரணமா இரு."

அதுதான் முடியவில்லை. அதன் பிறகு அந்தத் திறந்த கதவைப் பார்த்தாலே எனக்குப் படபடக்கும். குழவியை மாடு இடறித் தள்ளி, கதவு தானாகச் சாத்திக்கொண்டால் ஓடிப்போய்த் திறந்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்பார்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸ் குடும்பத்துக்குத்தான். வெளியாளை வைத்திருப்பதாக யாராவது சொல்லிவிட்டால் கேள்வி வரும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். எங்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்தால் கம்பெனி வைத்தியம். சுகந்திக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா லீவ் போட்டுவிட்டுப் பண்ருட்டிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். சித்தி மகளும் குடும்பம் இல்லை, தூரத்துச் சொந்தமும் குடும்பம் இல்லை. மற்றது என்னவென்று சொல்ல வார்த்தையே கிடையாது.

புயல் அடித்து ஆறேழு வருஷம் ஆனபின் அந்த வருஷம் வந்தது. இப்படி இருப்பது குற்றமில்லை என்று கோர்ட்டில் சொன்ன வருஷம். சாயங்காலமானால் எந்த டீவியைப் போட்டாலும் ஆறு பேர் உட்கார்ந்து சண்டை. இன்றைக்குக் குற்றமில்லை என்றால் நாளைக்குக் கல்யாணம் கேட்பார்களா, கேட்டால் கொடுப்பதா, கொடுத்தால் நாடு என்ன ஆகும். கேட்க நன்றாகத்தானே இருக்க வேண்டும் அக்காவுக்கு? எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பயம் வந்ததில்லை. யாரும் பெயரே சொல்லாமல் விட்டு வைத்திருந்த ஒன்றுக்கு இப்போது எல்லார் வாயிலும் பெயர் இருந்தது. மளிகைக் கடையில் பேசினார்கள், பஸ் ஸ்டாண்டில் பேசினார்கள். பேசிவிட்டு அந்தத் திறந்த கதவுக்குள் முதல் தடவையாக எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் நான் ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன். ஹாலில் டீவி ஓடுகிறது, அதே சண்டை. எதிர்வீட்டு சார் சாவி வாங்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவின் கையில் ரிமோட். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று ஆகும். மாற்றாவிட்டால் ஏன் பார்க்கிறாய் என்று ஆகும். பிடித்த பிடியில் ரிமோட்டின் பின் மூடி கழன்று விழுந்தது.

"இதெல்லாம் நம்ம ஊர்ல உண்டாம்மா? எங்கயோ நாலு பேரு பண்றான், அதுக்குக் கல்யாணம் வேற, பதிவு வேற. நீ என்ன சொல்றே?" என்று கேட்டார் சார்.

பின்கட்டில் தையல் மிஷின் நின்றது.

"எனக்கென்னா சார் தெரியும்?" என்றார் அக்கா. "காப்பி சாப்புடறீங்களா?"

"கல்யாணம்னா என்ன, வெளையாட்டா?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் அக்கா. குனிந்து மூடியைத் தேடினார். எவ்வளவு நேரம் தேடினார் என்றால், கடைசியில் நானே எடுத்துக் கொடுத்தேன். மூடி அவர் காலடியிலேயே கிடந்தது.

சார் போன பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கவில்லை, குரல் மட்டும் சன்னமாக இருந்தது.

"கல்யாணம் எதுக்குன்னு கேக்கறாங்க பாரு பாப்பா. மாலயும் மேளமும் யாருக்கு வேணும்? இவ யாருன்னு ஒருத்தன் கேட்டா சொல்றதுக்கு ஒண்ணு வேணும். அவ்ளோதான்."

கேட்பதற்கு ஒருத்தன் வந்தான். சுகந்தியின் அண்ணன். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் மேஸ்திரியாம். டீவியைப் பார்த்து எவனோ அவனை ஏதோ கேட்டிருக்கிறான். பட்டப்பகலில் ரோட்டில் நின்று கத்தினான். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் உள்ளே போகவில்லை. நாங்கள் கேட்க வேண்டும் என்றே ரோட்டில் நின்றான்.

"என் தங்கச்சிய வூட்ல அடச்சி வச்சிக்கினு என்னாடி பண்ற? ஊரு சிரிக்குது! மாப்ள பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம வந்து தூக்கிக்கினு போயிடுவேன். தடுத்தே, ஆபீஸ்ல போயி சொல்லுவேன், வேலயும் போவும் வூடும் போவும்!"

சுகந்தி வாசல்வரை வந்தார். "நான் வரல. எனக்கு நாப்பது வயசாவப் போவுது, என்னிய எவன் கட்டிக் குடுக்கறது?" என்றார். நான் அவர் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணன் காறித் துப்பிவிட்டுப் போனான். சார் உட்பட எங்கள் வரிசை முழுக்க அவரவர் ஜன்னலில் நின்றது. "குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். "நாளைக்கு நம்ம பேரும் சேர்ந்து அடிபடும்."

அந்த வாரம் நான் தூங்கவில்லை. அக்கா வழக்கம்போல டியூட்டிக்குப் போனார், வந்தார், குழவியை முட்டுக் கொடுத்தார். வேலிப்பக்கம் நின்று, "எங்கயாவது போயிடுங்கக்கா" என்றேன். "எங்க போறது? வேல இங்க இருக்குது" என்றார். பிறகு, "எத்தினி வருசம் தொறந்து போட்டேன், என்னத்தக் கண்டேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். சாதாரணமா இரு என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குழவி வெளியே படி ஓரத்தில் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது.

காற்று இல்லை, மழை இல்லை. பட்டப்பகலில் தாழ் போட்ட கதவு. ஜன்னலும் அடைத்திருந்தது. இரண்டு பெண்கள், ஒரே சேலை, ஒரே விட்டம் என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறேன். நான் போட்ட கூச்சலில் வரிசையே வெளியே வந்தது. எதிர்வீட்டு சார் கைலியோடு ஓடி வந்தார். ஒருவருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாத்தின கதவைப் பார்த்ததும் எல்லார் முகமும் வெளுத்தது. அந்த வீட்டுக் கதவுக்கு நாங்கள் வைத்திருந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

தட்டினேன். பதில் இல்லை. "அக்கா" என்று கத்தினேன். பதில் இல்லை. சார் திரும்பி ஓடித் தோட்டத்திலிருந்து கடப்பாரையைக் கொண்டு வந்தார். "நான் ஒண்ணும் தப்பா சொல்லலையேம்மா, பொதுவாத்தானே பேசினேன், பொதுவாத்தானே பேசினேன்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "ஒடைங்க சார்" என்றார் யாரோ. சார் கடப்பாரையை ஓங்கினார்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது.

ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. மறுபடி ஒரு விசில். கறிக்குழம்பு வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. நான் கதவில் காதை வைத்துக்கொண்டு, "அக்கா, நான்தான்" என்றேன்.

"என்னா பாப்பா?" குரல் கதவுக்குப் பக்கத்தில் இல்லை. ஹாலின் நடுவிலிருந்து வந்தது.

"கதவு… சாத்தியிருக்குக்கா."

"ஆமா, சாத்தியிருக்கேன். சாப்புட உக்காந்துக்கினு இருக்கோம் ரெண்டு பேரும்." தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏன், சாத்தக்கூடாதா?"

சுவரோடு சாய்ந்து அழுதேன். பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சார் கடப்பாரையை இறக்கக்கூட மறந்துவிட்டார். கலைந்து போகலாம் என்று யாரோ நகர ஆரம்பித்தபோதுதான் முனையில் வேன் திரும்பியது.

அண்ணன் இறங்கினான். கூட நாலைந்து பேர். வந்த வேகத்தில் நாலடி வைத்தவன் நின்றுவிட்டான். அவன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். சாத்தின கதவு. அதை மறித்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாக ஒரு வரிசை ஜனம். முன்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு ஒரு பெரியவர்.

"நீங்கள்லாம் இவளுங்களுக்குக் காவலா?" என்று கேட்டான்.

காவலுக்கு வரவில்லையப்பா, பிணம் எடுக்க வந்தோம் என்று யாரால் சொல்ல முடியும்? சார் ஏதாவது சொல்லிவிடுவாரோ, தள்ளி நின்றுவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் தன் கையில் இருந்த கடப்பாரையைப் பார்த்தார். அப்போதுதான் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. திரும்பி வாசலில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு கடப்பாரையைத் தரையில் ஊன்றினார்.

"சாப்பிடற நேரத்துல வீட்டு வாசல்ல வந்து என்னப்பா சத்தம்? போ."

"அவ என் தங்கச்சி."

"அது வரலைன்னு அன்னைக்கே சொல்லிச்சு, நாங்க எல்லாரும் கேட்டோம். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. போ."

என் வீட்டுக்காரர் நகர்ந்து சார் பக்கத்தில் போய் நின்றார். அண்ணன் அவர்களையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தான். "எத்தினி நாளைக்கு நிக்கறீங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினான். அவன் சொன்னது நியாயமான கேள்வி. எங்களுக்கும் தெரியாது.

சார் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். டீவி சண்டையில் அவர் கட்சி கடைசிவரை அதேதான். "அந்தக் கல்யாணத்துக்கெல்லாம் நான் ஒத்துக்கமாட்டேன்" என்பார். அண்ணன் மறுபடி வருவானோ, ஆபீஸுக்குப் போவானோ என்று நான் ஒவ்வொரு வேன் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு வேறு பிளாக்கில் வீடு மாறியது. அதுவரை அந்தக் கதவு சில மத்தியானங்களில் திறந்திருக்கும், சில மத்தியானங்களில் சாத்தியிருக்கும். குழவி படி ஓரத்திலேயே கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கலைந்து போன பிறகும் நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வேன் திரும்பி வந்துவிட்டால்? நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள், கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். உள்ளே தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. சுகந்தி ஏதோ சொல்ல, அக்கா சிரித்தார். அப்புறம் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்டது.

"எல்லாரும் போயிட்டாங்களா பாப்பா?"

"போயிட்டாங்கக்கா."

"நீ?"

"நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க."

கதவு திறக்கும் என்று எழுந்து நின்றேன். திறக்கவில்லை.

"நீயும் போ பாப்பா," என்றார் அக்கா.